25 மீட்டர் தொலைவில் ஒரு நம்பர் பிளேட்

சென்ற மாதம் சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். 52 வயதான ஓட்டுநர் ஒருவர், நான் குச்சியை எடுத்துக் காட்டத் தொடங்கும் முன்பே, பார்வை அட்டையின் கடைசி இரண்டு வரிகளையும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். வரிசையில் தமக்கு முன்னால் நின்றவர்கள் படித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது, ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு திசைகளிலும் திருப்பிப் போட்ட இன்னோர் அட்டையை மாட்டியதும் தெரிந்துவிட்டது. இடது கண்ணை மூடச் சொன்னபோது உள்ளங்கையால் மூடினார். விரல்களுக்கு நடுவே கீற்றளவு இடைவெளி இருந்தது. அதையும் அடைத்த பிறகு மூன்றாவது வரியைத் தாண்ட அவரால் முடியவில்லை.

“அம்மிணி, ரோட்டுல போறப்ப எனக்கு எல்லாம் தெரியுதுங்க. இந்த வரியெல்லாம் ரோட்டுலயா எழுதி வெச்சிருக்குது? டாக்டர்கிட்டச் சொல்லி இதுல ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துருங்க” என்று சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அந்தத் தாளுக்குப் படிவம் 1ஏ என்று பெயர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 1989இல் வகுக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளோடு வருவது. சொந்தக் கார் ஓட்டும் இளைஞர் தம் உடல்நலத்தைப் பற்றித் தாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். போக்குவரத்து வாகனம் ஓட்டுபவரும் 40 வயதைக் கடந்தவரும் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரிடம் இந்தப் படிவத்தில் சான்று பெற்றாக வேண்டும். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணைச் சோதிப்பேன், கண்ணாடிக்குப் பவர் எழுதுவேன், ஆனால் இந்தத் தாளில் கையெழுத்திடும் உரிமை எனக்கில்லை. எங்கள் மருத்துவர் கையெழுத்திடும் முன் அளவெடுத்துக் கொடுப்பவள் என்ற முறையில், பல ஆண்டுகளாக வாரத்துக்கு நான்கைந்து முறையாவது இதன் கேள்விகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணைப் பற்றி அதில் இருப்பவை நான்கே நான்கு. விண்ணப்பதாரருக்குப் பார்வைக் குறைபாடு உண்டா, உண்டென்றால் அது தகுந்த கண்ணாடியால் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது. நிறங்களைப் பிரித்தறியும் திறனைப் பற்றியது அடுத்தது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் ஒரு மோட்டார் காரின் நம்பர் பிளேட்டை அவரால் கண்டறிய முடியுமா என்பது மூன்றாவது. செவித்திறனைப் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாக, மாலைக்கண் உண்டா என்று நான்காவது வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்றே விடை. அளவு எதையும் எழுதும் கட்டம் கிடையாது. வலக்கண், இடக்கண் என்ற பிரிவும் கிடையாது. தாளின் அடியில், விண்ணப்பதாரரின் தொலைபார்வையில் தனிக்கவனம் செலுத்தித் தாமே நேரில் சோதித்ததாக மருத்துவர் உறுதி சொல்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த 25 மீட்டர் கேள்வியைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். கண் மருத்துவத்தில் எல்லாக் கணக்கும் 6 மீட்டரில் நடக்கிறது. 1862இல் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்துக் கொடுத்த எழுத்து அட்டையை இன்றுவரை சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். அதை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டைப் பார்க்கச் சொல்கிறார்களே, இதென்ன நாட்டு வைத்தியம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் மதியம் நோயாளிகள் யாரும் இல்லாத வேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

நம் விதிகளின்படி, இருசக்கர, முச்சக்கர வண்டிகள் நீங்கலான மற்ற வாகனங்களின் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். 25 மீட்டரில் நிற்கும் 65 மில்லிமீட்டர் எழுத்து, 6 மீட்டரில் வைத்த 15.6 மில்லிமீட்டர் எழுத்து தெரியும் அதே அளவில்தான் கண்ணுக்குத் தெரியும். ஒருவரின் பார்வை 6/12 என்றால், இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள்; 6/6 என்பது இயல்பான பார்வை. ஸ்னெல்லன் அட்டையில் 6/9 வரியின் எழுத்து ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், 6/12 வரியின் எழுத்து ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர். ஆக, நம்பர் பிளேட்டை எழுத்துக் கூட்டி முழுதாகப் படிப்பவரின் பார்வை 6/9க்கும் 6/12க்கும் இடையில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் லாரி ஓட்டுநருக்கு விதித்திருப்பது 20/40; அடிக்கணக்கை மீட்டருக்கு மாற்றினால் அது 6/12. நாட்டு வைத்தியம் என்று நான் நினைத்த கேள்வி, கூர்மையைப் பொறுத்தவரை அமெரிக்க விதியைவிட ஒரு நூல் கடுமையானது. எழுதியவர் விவரம் தெரியாமல் எழுதவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் நடைமுறை. 25 மீட்டர் என்பது 82 அடி. இரண்டு பெரிய லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். எந்த மருத்துவரின் அறையில் 82 அடி இருக்கிறது? ஓட்டுநரை வாசலுக்கு அழைத்துவந்து, எதிர்ச்சாரியில் நிற்கும் காரைக் காட்டி, ‘இதைப் படியுங்கள்’ என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவழிக்காததால், படிவத்தில் இருக்கிற ஒரே உருப்படியான அளவுகோல் வெறும் ‘ஆம்’ ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ‘கண்டறிய முடியுமா’ என்ற சொல்லை நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்றும் கொள்ளலாம், அங்கே ஒரு நம்பர் பிளேட் இருப்பது தெரிகிறதா என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருளில், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கண்புரை முற்றிய பாட்டிகூட ஹெவி லைசென்ஸ் வாங்கிவிடலாம்.

இதை நான் இவ்வளவு ஆற்றாமையோடு எழுதுவதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா 26 ஆண்டுகள் லாரி ஓட்டினார். முதல் ஆறேழு ஆண்டுகள் சேலத்துக்கும் கொச்சிக்கும் இடையில்; அதன் பிறகு வடக்கே பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் வழியாகப் போகும் நீண்ட லைன். நான் ஆப்டோமெட்ரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்த இடத்தில் கைப்பழக்கத்துக்காக வீட்டில் எல்லோரையும் சோதித்துப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைச் சுவரில் அட்டையை ஆணியடித்து மாட்டி, அடிக்கோலால் 6 மீட்டர் அளந்து, கயிற்றுக் கட்டிலில் அப்பாவை உட்கார வைத்தேன். இடக்கண்ணை மூடியபோது 6/6 வரியைத் தடங்கலின்றிப் படித்தார். வலக்கண்ணை மூடினேன். அப்பா பேசாமல் இருந்தார். அட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கும் பெரிய எழுத்து மட்டும் தெரிவதாகக் கடைசியில் சொன்னார். அது 6/60.

பதறிப்போனது நான்தான், அவர் பதறவில்லை. “அது சின்னதுல இருந்தே அப்படித்தான் சாமி. அந்தக் கண்ணு சும்மா பேருக்குத்தான்” என்றார். ஊசித்துளைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்; பவரால் சரியாகும் மங்கல் என்றால் அதில் தெளிந்துவிடும். எழுத்து தெளியவில்லை. எங்கள் பேராசிரியர் அந்த வாரம்தான் நடத்தியிருந்த பாடம் அது. குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணில் மட்டும் அதிகப் பவரோ மாறுகண்ணோ இருந்து கவனிக்கப்படாமல் போனால், மூளை அந்தக் கண்ணிலிருந்து வரும் மங்கல் படத்தை ஒதுக்கித் தள்ளப் பழகிவிடுகிறது. கண் முழுமையாக வளர்ந்தும் பார்வை வளராது. சோம்பேறிக் கண் என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். வளர்ந்தவருக்குக் கண்ணாடி போட்டும் சரிவராது.

ஒவ்வொரு முறை உரிமத்தைப் புதுப்பித்தபோதும் அப்பாவுக்கு மருத்துவச் சான்று கிடைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் தகுதியுடையவர் என்றே இருக்கிறது. பலமுறை அவர் மருத்துவரை நேரில் பார்க்கவே இல்லை. ஏஜென்ட்டிடம் போட்டோவைக் கொடுத்தால் கையெழுத்தோடு தாள் வந்துவிடும். நேரில் பார்த்த ஓரிரு தடவையும் இரண்டு கண்ணும் திறந்தபடியே படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கண்களை ஒவ்வொன்றாக மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அப்பா வண்டி ஓட்டும் விதத்தில் பல விஷயங்கள் எனக்குப் புலப்பட்டன. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்றால் மற்றவர்களைப்போல் பார்வையை மட்டும் ஓட்டாமல் கழுத்தையே திருப்புவார். நல்ல கிளீனர் இல்லாமல் லோடு எடுக்கமாட்டார். பேட்டாவில் தம் பங்கைக் குறைத்துக்கொண்டாவது ஒரு பையனை உடன் வைத்துக்கொள்வார். குறுகலான கிட்டங்கியில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அந்தப் பையன் பாடியின் இடப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே “வரட்டும், வரட்டும்” என்று வருவதும், அந்தத் தட்டல் நின்ற கணத்தில் அப்பாவின் கால் பிரேக்கில் இருப்பதும் எனக்குச் சிறுவயதில் விளையாட்டாகத் தெரிந்தது. இன்று கிளீனர் இல்லாமல் ஓட்டுநர் மட்டுமே போகும் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தட்டல்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் அப்பாவுக்கு உரிமமே கொடுத்திருக்கக் கூடாதா? இதே கேள்வி, ஏறத்தாழ இதே கண்ணோடு, அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே ஒரு லாரி ஓட்டுநருக்கு இடக்கண் சோம்பேறிக் கண். பார்வை 20/200, அதாவது என் அப்பாவுக்கு இருந்த அதே 6/60. 1990இல் ஒரு மளிகைத் தொடர்கடை நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தபோது, சோதித்த மருத்துவர் அவர் தகுதியுடையவர் என்று தவறாகச் சான்றளித்துவிட்டார். 1992இல் விடுப்பு முடிந்து திரும்பியபோது நடந்த சோதனையில் உண்மை வெளிப்பட்டது. ஓட்டிய அனுபவத்தைக் கணக்கிலெடுத்து அரசு அளித்துவந்த விலக்குக்கு அவர் விண்ணப்பித்தார். அதற்குள் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பிற்பாடு விலக்கு கிடைத்தும் திரும்பச் சேர்க்க மறுத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின்படி இது பாகுபாடு என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1999 ஜூனில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம், மத்திய அரசு வகுத்த பார்வை அளவையே வேலைக்கான தகுதியாகக் கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் அந்த அளவைத் தளர்த்த வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை என்பதுதான். ஒற்றைக் கண்ணோடு வாழப் பழகிய மூளை தானாகவே பல உபாயங்களைக் கையாள்கிறது என்பதையும் நீதிமன்றம் பேசியது. அதைப் படித்தபோது, இடப்பக்கம் கழுத்தைத் திருப்பும் அப்பாவின் முகம் எனக்கு முன்னால் நின்றது.

அமெரிக்க விதி எதையும் மருத்துவரின் ஊகத்துக்கு விடுவதில்லை. இரண்டு கண்ணிலும் தனித்தனியே 20/40, இரண்டும் சேர்ந்தும் 20/40, ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைமட்டத்தில் குறைந்தது 70 பாகைப் பார்வைப் புலம் (நேரே பார்த்தபடி பக்கங்களில் தெரியும் பரப்பு), சிக்னலின் சிவப்பு, பச்சை, மஞ்சளைப் பிரித்தறியும் திறன். கண்ணாடி போட்டுக்கொண்டு தேறினாலும் சரி. அப்படியானால் ஓட்டும்போதெல்லாம் கண்ணாடி போட்டாக வேண்டும். சான்றிதழ் அதிகபட்சம் 24 மாதங்களே செல்லும். 2014 மே முதல், தேசியப் பதிவேட்டில் பெயருள்ள, இதற்கெனப் பயிற்சி பெற்றுத் தேறிய மருத்துவப் பரிசோதகர்கள் மட்டுமே சான்றளிக்க முடியும். ஒரு கண்ணில் அளவு எட்டாதவர்கள் விலக்குக் கேட்டு மனுப்போடும் முறை 2022 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. இப்போது கண் மருத்துவரோ ஆப்டோமெட்ரிஸ்டோ அளிக்கும் அறிக்கையில், நல்ல கண் அளவை எட்டியிருக்கிறது, குறையுள்ள கண்ணின் நிலை மாறாமல் இருக்கிறது, அந்த நிலைக்குப் பழகிக்கொள்ளப் போதிய காலம் கடந்திருக்கிறது என்று இருந்தால், 12 மாதச் சான்றிதழ் பெறலாம். முதல்முறை பெறுபவர்களில் பெரும்பாலோர் சாலையில் ஓட்டிக் காட்டியும் தேற வேண்டும்.

பிரிட்டனில் வேறு வகையான கணக்கு. லாரி ஓட்டுநருக்கு நல்ல கண்ணில் 6/7.5 வேண்டும்; மற்றொரு கண்ணில் 6/60 இருந்தாலே போதும். என் அப்பா கூர்மையில் அங்கே மயிரிழையில் தேறியிருப்பார். அமெரிக்காவில் விலக்கில்லாமல் தேறியிருக்கமாட்டார். இங்கே யாரும் பார்க்கவே இல்லை. ஒரே கண்ணுக்கு மூன்று நாடுகளில் மூன்று முடிவுகள் என்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. எந்த அளவில் கோடு போடுவது என்பது அந்தந்த நாடு யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் பழகிய ஒற்றைக் கண்ணுக்கும் புதிதாகப் போன கண்ணுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. பிறந்ததிலிருந்து ஒரு கண்ணால் உலகத்தை அளந்தவருக்கு, எதிர்வண்டியின் அளவு பெருகும் வேகமும், ஒன்று மற்றொன்றை மறைக்கும் விதமுமே தொலைவைச் சொல்லிவிடும். 50 வயதில் சர்க்கரை நோயால் ஒரு கண் மங்கியவருக்கு அந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். இருவரையும் ஒரே ‘ஆம்’ என்ற சொல்லுக்குள் அடைக்கிறது நம் படிவம்.

நிறக் கேள்வியை விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் ஓட்டுநர்கள் அஞ்சும் அளவுக்கு அது இன்று பெரிய தடை அல்ல. படிவத்தில் நெடுங்காலமாக இருந்த வாசகம், சிவப்பு, பச்சை ஆகிய சாயங்களின் நிறத்தைப் பிரித்தறிய முடிகிறதா என்று கேட்டது. சிக்னலில் எரிவது விளக்கே தவிரச் சாயம் அல்ல என்பது வேறு விஷயம். 2020 ஜூனில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதிகளைத் திருத்தி, லேசானதும் நடுத்தரமானதுமான நிறக்குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெற வழிசெய்தது. 1917இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களில் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாமல் விழித்த இளைஞர் ஒருவர் என்னிடம், “மேல எரிஞ்சா நிக்கோணும், கீழ எரிஞ்சாப் போகோணும், அவ்ளோதானுங்களே?” என்று கேட்டார். பகலில் அவர் சொல்வது சரி. சிவப்பை உணரும் கூம்பணுக்களே இல்லாதவர்களுக்குச் சிவப்பு நிறம் மாறித் தெரிவதோடு ஒளி குன்றியும் தெரியும் என்பதால், முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கை இரவில் அவர்கள் தாமதமாக உணரக்கூடும் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

இரவைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. மாலைக்கண் உண்டா என்று கேட்டால் எந்த ஓட்டுநரும் ‘உண்டு’ என்று சொல்லப்போவதில்லை. வைட்டமின் ஏ குறைவால் வரும் அந்த நோயும் இந்த வயது ஓட்டுநர்களிடம் அரிது. நான் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். எதிரே வருபவன் ஹைபீமை டிம் பண்ணாமல் கடந்து போனால், ரோடு மறுபடி தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்கிறேன். அட்டையை மனப்பாடமாக ஒப்பித்த அந்த 52 வயதுக்காரர் சற்று யோசித்துவிட்டு, “அஞ்சு எண்ணற வரைக்கும் ஒண்ணுந் தெரியாதுங்க. ஓரத்து வெள்ளைக் கோட்டைப் புடிச்சுக்கிட்டே போயிருவேன்” என்றார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி என்பது 83 மீட்டர். அந்த 83 மீட்டரில் லைட் இல்லாத டிராக்டரோ, கல் வைத்து நிறுத்திய பழுதான லாரியோ, சைக்கிளில் பால் கொண்டுபோகும் ஒருவரோ இருக்கலாம்.

விளக்கை வைத்துப் பார்த்தபோது அவருடைய வலக்கண் லென்ஸின் பின்புறத்தில் புரை தொடங்கியிருந்தது. இந்த வகைப் புரை வஞ்சகமானது. இருட்டறையில் அட்டையைக் காட்டினால் ஓரளவு படித்துவிடுவார்கள். கண்ணில் நேராக வெளிச்சம் பட்டால் ஒளி சிதறி முன்னால் வெள்ளைத் திரை விழுந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுத்தவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். ‘நல்ல பகல் வெளிச்சத்தில்’ என்று படிவம் கேட்கிற கேள்விக்கு அவர் சரியாகவே பதில் சொல்லிவிடக்கூடும். அவருடைய வேலையோ பெரும்பாலும் இரவில். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விடியற்காலை இரண்டு மணிக்கு வரிசையாக ஏறிவரும் விளக்குகளுக்கு எதிரே இறங்குபவரின் கண்ணை, நண்பகலில் வாசலில் நிற்க வைத்துச் சோதிப்பதால் என்ன தெரியும்?

பக்கப்பார்வைக்கு நம் படிவத்தில் இடமே இல்லை. அதைச் சோதிக்கக் கருவிகூட வேண்டாம். எதிரில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, ஓரத்திலிருந்து விரலைக் கொண்டுவந்தால் பெரிய குறைகள் பிடிபட்டுவிடும். கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமல், நேர்ப்பார்வையைத் தொடாமல், ஓரங்களை அரித்துக்கொண்டே வருவது. அது கண்டவர் கடைசிக் கட்டம்வரை 6/6 வரியைப் படித்துக்கொண்டிருப்பார். இடப்பக்கம் முந்தும் மோட்டார் சைக்கிள் மட்டும் அவருக்குத் ‘திடீரென்று’ முளைத்து வரும்.

முன்பு போக்குவரத்து வாகன உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. 2019 திருத்தச் சட்டம் அதை ஐந்தாக்கியது. ஓராண்டாக இருந்த அபாயகரமான சரக்குக்கான உரிமம் மூன்றாண்டாயிற்று. நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு இது அலைச்சலைக் குறைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் புதுப்பிப்புக்காக ஒரு ட்ரிப்பை இழப்பது அவர்களுக்குச் சிறிய விஷயமில்லை. ஆனால் 30 வயதுக்காரருக்கும் 55 வயதுச் சர்க்கரை நோயாளிக்கும் ஒரே ஐந்தாண்டு என்பது கண்ணை அறிந்தவர் போட்ட கணக்காகத் தெரியவில்லை. பிரிட்டனில் லாரி ஓட்டுநர் 45 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கொரு முறையும் 65க்கு மேல் ஆண்டுதோறும் மருத்துவ அறிக்கை கொடுக்க வேண்டும். வயதை வைத்துப் படிகட்டிய அந்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, விதியை இறுக்கினால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும் என்று லாரி உரிமையாளர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் முகாம்களில் பார்த்தவரை நிலைமை அப்படி இல்லை. அட்டையில் தடுமாறுபவர்களில் பெரும்பாலோர் ட்ரையல் பிரேமில் இரண்டு லென்ஸைப் போட்டதும் மளமளவென்று படித்துவிடுகிறார்கள். படிவத்தின் முதல் கேள்வியே கண்ணாடி போட்டுச் சரிசெய்தால் போதும் என்றுதான் சொல்கிறது. ஆனால் கண்ணாடி போட்டவர் லாரி ஓட்டத் தகுதியில்லாதவர் என்ற எண்ணம் ஓட்டுநர்களிடம் எப்படியோ வேரூன்றியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு புக்கிங் ஆபீஸுக்குப் போனால் லோடு தரமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். கிளீனர் பையன்கள் ‘வாத்தியாரே’ என்று கேலி செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். அதனால்தான் அட்டையை மனப்பாடம் செய்கிறார்கள், விரலிடுக்கில் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கூத்தும் உண்டு. 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க்கு ரெடிமேட் படிப்புக் கண்ணாடி வாங்கிவிடுகிறார்கள். செக்போஸ்ட்டில் இ-வே பில்லைப் படிக்கப் போட்டதைக் கழற்ற மறந்து அப்படியே வண்டியை எடுப்பவர்களும், கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நாள் முழுக்கப் போட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பிளஸ் 1.50 பவர் கண்ணாடியை, தூரப்பார்வை இயல்பாக உள்ள ஒருவர் போட்டால், அவருக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை 67 சென்டிமீட்டர். ஸ்டீயரிங்குக்கு அப்பால் உலகம் மங்கல். முகாமுக்கு வருபவர்களிடம் சட்டைப்பையில் இருக்கும் கண்ணாடியை முதலில் வாங்கிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

சங்ககிரி முகாமுக்கு அப்பாவும் வந்திருந்தார். லாரியை விற்றுவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என்னோடு சுற்றுகிறார். ஷெட்டின் நீளவாக்கில் டேப் பிடித்து 25 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போட்டது அவர்தான். பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த நம்பர் பிளேட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டில் நின்றார். 52 வயதுக்காரரை இந்தக் கோட்டில் நிறுத்தி இடக்கண்ணை மூடினேன். ‘டிஎன் 52’ வரை வந்தவர் அதற்கு மேல் எட்டா மூன்றா என்று தெரியாமல் நின்றார். ட்ரையல் பிரேமை மாட்டி மைனஸ் 1.25 போட்டேன்.

“எட்டுங்க” என்றார். பிறகு பிளேட்டுக்கு மேலே அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “அட, நம்ம நாக்பூர் லைன் அண்ணனுங்களா அது? இத்தன நேரம் யாரோன்னு நெனச்சேன்” என்றார்.

அந்தக் கண்ணில் இருக்கும் புரைக்கு ஒரு கண்ணாடி எத்தனை மாதம் தாங்கும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். படிவத்தை மடித்தபடியே திருப்பிக் கொடுத்து, திங்கட்கிழமை கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வரச் சொன்னோம். அன்று சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அப்பா பிளேட்டைக் கீழே வைக்காமலே அங்கிருந்து கத்திச் சொன்னார்.